விதிகள் மாறின, வீடுகள் மாறினவா?

சென்னையின் எந்தத் தெருவில் நடந்தாலும் ஏதோவொரு வீட்டிலிருந்து சுத்தியலும் உளியும் மோதும் ஓசை கேட்கிறது. எட்டிப் பார்த்தால் அங்கே புது வீடு எழும்பவில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டின் குளியலறை இடிபடுகிறது, சமையலறை நீள்கிறது, மொட்டை மாடியில் ஓர் அறை முளைக்கிறது. மனை வாங்கிப் புதிதாகக் கட்டுவது நடுத்தர வகுப்பினருக்கு எட்டாக் கனியாகிவிட்ட நகரங்களில், இருக்கும் வீட்டைப் புதுப்பிப்பதுதான் இனி பெரும்பாலோரின் வீடு கட்டும் அனுபவம். ஆனால், கட்டட விதிகள் குறித்த நமது பேச்செல்லாம் இன்னமும் புதுக் கட்டடங்களையே சுற்றிவருகிறது.

கடந்த சில ஆண்டுகளில் விதிகள் வேகமாக மாறியிருக்கின்றன. சென்னைப் பெருநகரத்துக்கு ஒன்று, நகராட்சிகளுக்கு ஒன்று, ஊராட்சிகளுக்கு வேறொன்று எனச் சிதறிக் கிடந்தவற்றைத் தொகுத்து, 2019-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தன. உயரமில்லாக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீடு ஒன்றரையிலிருந்து 2 ஆக உயர்ந்தது. அதாவது, ஆயிரம் சதுர அடி மனையில் 1,500 சதுர அடி மட்டுமே கட்ட முடிந்தவருக்கு, இடைவெளி விதிகளுக்கு உட்பட்டு, 2,000 சதுர அடி வரை கட்ட வழி பிறந்தது.

2024 ஜூலையில் சுயசான்று முறை அறிமுகமானது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரைத்தளத்துடன் ஒரு மாடியோ கொண்ட வீடு கட்டுவோர், ஒற்றைச் சாளர இணையதளத்தில் தாமே சான்றளித்து உடனடியாக அனுமதி பெறலாம். முன்கூட்டிய கள ஆய்வு இல்லை. பணி நிறைவுச் சான்றிதழும் தேவையில்லை. அடுக்ககங்களைப் பொருத்தவரை, 2022-ஆம் ஆண்டின் அடுக்கக உரிமையாளர் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்து, பழைய 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது.

அதே 2024-இன் இறுதியில், உத்தரப் பிரதேச மாநிலம் மீரட் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு எதிர்த்திசையில் அழுத்தமாகப் பேசியது. விதிமீறிய கட்டடம் பல ஆண்டுகள் நின்றுவிட்டது என்பதாலோ, அதில் பெரும் பணம் போடப்பட்டிருக்கிறது என்பதாலோ, அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை என்பதாலோ அது சட்டபூர்வமாகிவிடாது என்றது நீதிமன்றம். பணி நிறைவுச் சான்றிதழோ குடியேற்றச் சான்றிதழோ காட்டிய பிறகே மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் வழங்கப்பட வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

ஒருபுறம் அரசு கதவைத் திறக்கிறது. மறுபுறம் நீதிமன்றம் எச்சரிக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில், கையில் கொஞ்சம் சேமிப்பும் கொஞ்சம் வங்கிக் கடனுமாக, மேஸ்திரியின் சொல்லை மட்டுமே நம்பி நிற்கிறார் பழைய வீட்டின் சொந்தக்காரர்.

சுயசான்று முறையை நான் வரவேற்கிறேன். ஒரு சிறிய வீட்டுக்கான வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு மாதக்கணக்கில் அலுவலகங்களுக்கு நடந்த தலைமுறைக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால், அதன் மறுபக்கத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். அதிகாரி பார்த்துக் கையெழுத்திட்ட காலத்தில் பொறுப்பின் ஒரு பகுதியேனும் அவரிடம் இருந்தது. இப்போது "விதிப்படியே கட்டுகிறேன்" என்று உறுதி கூறுபவர் வீட்டுக்காரர். விதி என்னவென்று தெரியாமலேயே விதிப்படி நடப்பதாக எழுதிக் கொடுப்பது எத்தனை பெரிய பொறுப்பு என்பதைச் சிக்கல் வரும்போதுதான் உணர்வோம்.

புதுப்பித்தலில் நிலைமை இன்னும் மங்கலானது. வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, தரை ஓடு மாற்றுவது, சன்னல் வைப்பது அல்லது அடைப்பது, உள் தடுப்பு எழுப்புவது போன்ற சிறு வேலைகளுக்குத் திட்ட அனுமதி தேவையில்லை என்று விதிகளே சொல்கின்றன. மாடி எடுப்பது, கட்டடப் பரப்பை விரிப்பது, குடியிருப்பைக் கடையாக மாற்றுவது ஆகியவற்றுக்கு அனுமதி கட்டாயம். இந்த இரண்டும் தெளிவு. இவற்றுக்கு நடுவே ஒரு பெரும் பரப்பு இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் மாறியிராது. உள்ளே எல்லாமே மாறியிருக்கும்.

மாடியில் இருந்த பூஜையறை குளியலறையாகிறது. ஐந்தடிக்கு எட்டடி குளியலறையின் தரையை ஓரடி உயர்த்தி, குழாய்களைப் புதைத்து, இடித்த செங்கல் துண்டுகளால் நிரப்பினால் ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட எடை அந்தத் தளத்தின் மீது ஏறுகிறது. ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றை நிரப்பினால் இன்னொரு டன். கழிவுக் குழாய்க்கு வழி வேண்டும் என்று உத்தரத்தைத் துளைக்கிறார்கள். சுவருக்குள் குழாயை மறைக்கத் தூணின் கான்கிரீட்டைக் கொத்தி எடுக்கிறார்கள். எண்பதுகளில் தரைத்தளத்துக்கு மட்டுமென்று போட்ட அடித்தளத்தின் மீது, குறியீடு உயர்ந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக இன்னொரு மாடி எழும்புகிறது. காகிதத்தில் கிடைக்கும் கூடுதல் பரப்பு அடித்தளத்தின் வலிமையைக் கூட்டுவதில்லை. மண்ணைச் சோதித்து, கம்பிகளின் நிலையைப் பார்த்து, ஒரு கட்டமைப்புப் பொறியாளர் சொல்ல வேண்டிய தீர்ப்பு அது.

சுவர் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியும். குழாய்களின் தவறு அப்படித் தெரிவதில்லை. இதை நான் சொந்த வீட்டில் கற்றுக்கொண்டேன்.

புறநகரில் உள்ள எங்கள் வீடு நாற்பது ஆண்டுப் பழையது. ஒழுகும் குளியலறையைச் சீராக்கத் தொடங்கினோம். தரையைப் பெயர்த்தபோது, கழிவறைக் குழாயும் குளியல் நீர்க் குழாயும் ஒன்றாகக் கலந்து, மூடியே இல்லாத ஒரு செப்டிக் டேங்கில் சென்று சேர்வது தெரிந்தது. அதன் மேல் பிற்காலத்தில் யாரோ தளம் போட்டு, ஓடு பதித்துவிட்டார்கள். அங்கிருந்து குடிநீர்த் தொட்டி ஏழெட்டு அடி தூரம்தான். எனக்குத் தலை சுற்றியது. வேலை செய்ய வந்தவரோ சற்றும் அலட்டிக்கொள்ளவில்லை. "எல்லா வீட்லயும் இப்படித்தான் சார் இருக்கு. பேசாம மழைத் தண்ணி கால்வாய்ல விட்டுடலாமா?" என்று இயல்பாகக் கேட்டார். தெருவில் பலர் அதைத்தான் செய்திருக்கிறார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

அவரைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. நன்றாக வேலை தெரிந்தவர். குழாயை ஒழுகாமல் இணைக்கக் கூடியவர். ஆனால், அந்தக் குழாய் ஏன் அங்கே போகக் கூடாது என்பதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை, கேட்பவரும் இல்லை. வீட்டில் மின் கம்பி இழுக்க உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் சான்று வேண்டும் என்பது நெடுங்கால விதி. அதை நாம் ஏற்றுப் பழகிவிட்டோம். தெருக் குழாயிலிருந்தோ பாதாளச் சாக்கடையிலிருந்தோ வீட்டுக்கு இணைப்புப் பெறும்போது வாரியமும் உள்ளாட்சி அமைப்பும் தலையிடுகின்றன. வாசற்படியைத் தாண்டிவிட்டால், புதுப்பிக்கும் வீட்டின் குழாய்கள் எப்படிப் போகின்றன என்று பார்க்க நடைமுறையில் ஒருவரும் இல்லை. மின்சாரம் உடனே தாக்கும் என்பதால் அஞ்சுகிறோம். கழிவுநீர் மெல்லத் தாக்குகிறது என்பதால் விட்டுவிடுகிறோம்.

குழாய்ப் பணி என்பது வெறும் குழாய் இணைப்பு அல்ல. அது பொதுச் சுகாதாரம். கழிவறைப் பீங்கானுக்கு அடியிலும் குளியலறைத் தரைத் துவாரத்துக்கு அடியிலும் வளைந்த ஒரு பகுதியில் எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கி நிற்க வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு பொதுவாக 50 மில்லிமீட்டர் நீரடைப்பைக் கேட்கிறது. அந்த இரண்டு அங்குலத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றுக்கும் நமது வீட்டுக்கும் இடையிலான ஒரே சுவர். காற்றுப் போக்குக் குழாய் சரியாக இல்லையென்றால், மாடியிலிருந்து வேகமாக இறங்கும் நீர் அந்த அடைப்பை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பயன்படுத்தாத குளியலறையில் அது தானாகவே வற்றிவிடும்.

இது ஏட்டளவிலான எச்சரிக்கை அல்ல. 2003-இல் ஹாங்காங்கின் ஆமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோரை சார்ஸ் நோய் தாக்கியது. குளியலறைத் தரைத் துவாரங்களில் வற்றிப்போன நீரடைப்புகளின் வழியே, வெளியேற்று விசிறிகள் சாக்கடைக் குழாயின் காற்றை வீடுகளுக்குள் இழுத்ததே நோய் பரவ முக்கியக் காரணங்களுள் ஒன்று என்று ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஒரு கையளவு தண்ணீர் இல்லாததன் விலை அது.

விதி இருந்தும் அது நம் மனைகளில் நிறைவேற முடியாத இடங்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். செப்டிக் டேங்கிலிருந்து வெளிவரும் நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழி, கிணறு போன்ற குடிநீர் ஆதாரத்திலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். 18 மீட்டர் என்பது ஏறக்குறைய 59 அடி. நமது நகரங்களில் பரவலாக உள்ள அரை கிரவுண்ட் மனை முப்பதுக்கு நாற்பது அடி. அதன் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கயிறு பிடித்தாலே 50 அடிதான். ஆக, பாதாளச் சாக்கடை வராத ஒரு புறநகரில், அரை கிரவுண்டில் கிணறும் உறிஞ்சு குழியும் வைத்திருக்கும் எவரும் அந்த அளவை நிறைவேற்றவே முடியாது. பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கணக்கில் எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். இது தனிமனிதரின் மீறல் அல்ல. மனைப் பிரிவுக்கு அனுமதி அளித்து, சாக்கடைக் கட்டமைப்பைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்ட நமது நகர்மயமாதலின் குறை. இந்த நிலையில் இன்னும் ஒரு மாடி, இன்னும் இரண்டு குளியலறை என்று அனுமதிக்கும் விதி, அந்தக் கழிவுநீர் எங்கே போகும் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டாமா?

இன்னொரு கேள்வி இதைவிடக் கடுமையானது. எங்கள் வீட்டில் மூடியில்லாத தொட்டியைப் பார்த்தபோது என் மனத்தில் எழுந்த முதல் எண்ணம், "இது நிறைந்தால் என்ன செய்வார்கள்?" என்பதுதான். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தூர் அள்ள வேண்டிய தொட்டியை ஓட்டுக்கு அடியில் புதைத்துவிட்டால், ஒருநாள் அடைப்பு ஏற்படும்போது தரையை உடைத்து ஒரு மனிதரை உள்ளே இறக்குவதில்தான் அது முடியும். மனிதரை அவ்வாறு இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014-இல் ஆணையிட்ட உச்சநீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இத்தகைய மரணங்கள் மிகுந்த மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு முன்னால் நிற்பது நமக்குத் தலைகுனிவு.

அந்த மரணங்கள் எல்லாம் நிகழும் நாளன்று தீர்மானிக்கப்படுவதில்லை. கார் நிறுத்தும் இடம் அழகாக இருக்க வேண்டும் என்று தொட்டியின் மூடியை மறைத்து ஓடு பதிக்கும் நாளிலேயே சில மரணங்களுக்கு அடித்தளம் இடப்படுகிறது. உறிஞ்சு ஊர்தியின் குழாய் எட்டும் இடத்தில், திறக்கக் கூடிய மூடியுடன் தொட்டி இருந்தால், ஒருவரும் உள்ளே இறங்கத் தேவையில்லை. புதுப்பிக்கும்போது இதற்காகும் செலவு, நாம் தேர்ந்தெடுக்கும் ஓட்டின் விலை வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும்.

மழைநீர் சேகரிப்பிலும் இதே கதைதான். 2003-இல் தமிழ்நாடு அதை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது; நாடே வியந்து பார்த்தது. அன்று அமைத்த குழாய்கள் இருபதாண்டுகளில் புதுப்பித்தலின்போது ஒவ்வொன்றாக வெட்டப்பட்டன. மாடி நீர் கழிவுநீர்க் குழாயில் சேர்க்கப்பட்டது. கழிவுநீர் மழைநீர் வடிகாலில் சேர்க்கப்பட்டது. ஒரு மணி நேர மழைக்கே தெருவில் சாக்கடை பொங்குவதற்கும், மழை நின்ற சில மாதங்களில் ஆழ்துளைக் கிணறு வற்றுவதற்கும் இந்தத் தலைகீழ் இணைப்புகளும் காரணம். 2015-இல் வெள்ளத்தில் மூழ்கிய நகரம், நான்கே ஆண்டுகளில், 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததை மறந்துவிட முடியாது.

அப்படியானால், புதுப்பித்தலுக்கும் ஒரு கடுமையான அனுமதி முறையைக் கொண்டுவரலாமா? வேண்டாம் என்பதே எனது கருத்து. ஒவ்வொரு புதிய அனுமதியும் ஒரு புதிய மேசை. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு விலை உண்டு என்பதை மக்கள் அறிவார்கள். பயந்து, வேலையை இரவோடு இரவாக முடிப்பவர்களே அதிகமாவார்கள். மறுபுறம், மீறலைப் பணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளும் திட்டங்களும் தீர்வாகவில்லை. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றை வரன்முறைப்படுத்த நகர ஊரமைப்புச் சட்டத்தில் 113-சி பிரிவைச் சேர்த்தோம். இத்தகைய சலுகைகள் விதியை மதித்தவரை ஏமாளியாக்கி, மீறியவருக்கு அடுத்த சலுகைக்காகக் காத்திருக்கக் கற்றுக் கொடுத்தன.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி இருக்கிறது. சுயசான்று முறையையே புதுப்பித்தலுக்கும் நீட்டிக்கலாம். ஆனால், அனுமதியாக அல்ல, கட்டணமில்லா அறிவிப்பாக. புதிய கழிவறையோ தொட்டியோ அமைப்பவர், தூணையோ உத்தரத்தையோ தொடுபவர், ஒரு பக்கப் படிவத்தில் நான்கு கேள்விகளுக்கு விடை தந்தால் போதும்: கழிவுநீர் எங்கே சேர்கிறது, மழைநீர் எங்கே சேர்கிறது, தொட்டியின் மூடி எங்கே இருக்கிறது, கட்டமைப்பைப் பார்வையிட்ட பொறியாளர் யார். அவற்றில் சிலவற்றை மட்டும் பின்னர் குலுக்கல் முறையில் ஆய்வு செய்யலாம்.

இரண்டாவதாக, குழாய்ப் பணியாளர்களுக்கு மின் பணியாளர்களைப் போன்ற தகுதிச் சான்று வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் குழாய்ப் பணிக்கான பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. பல ஆண்டுகள் வேலை செய்தே கற்றவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சியும் தேர்வும் நடத்திச் சான்று அளிக்கலாம். அது அவர்களைக் கட்டுப்படுத்துவதற்கு அல்ல. அவர்களுடைய கூலியையும் மதிப்பையும் உயர்த்துவதற்கு. வீட்டுக்காரர் "கால்வாயில் விடு" என்று சொன்னால், "என் சான்று போய்விடும், முடியாது" என்று மறுக்கும் வலிமையையும் அது தரும்.

மூன்றாவதாக, விதிகள் தமிழில், படங்களுடன், சாதாரண மக்களுக்குப் புரியும் சிறு கையேடாக ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் கிடைக்க வேண்டும். அரசிதழின் மொழியில் எழுதிய விதியைக் கொத்தனாரும் படிக்க முடியாது. அதற்குச் சுயசான்று தரும் குடும்பத் தலைவியும் படிக்க முடியாது.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. வேலையைத் தொடங்கும் முன் பழைய வரைபடத்தைத் தேடி எடுங்கள். இல்லையென்றால், குழாய்கள் போகும் வழியை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். தூணையும் உத்தரத்தையும் தொட வேண்டியிருந்தால் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அடுக்ககமாக இருந்தால் சங்கத்திடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். உங்கள் குளியலறைத் தரை, கீழ்வீட்டாரின் கூரை. சுவரை மூடும் முன் குழாய்களில் நீரை நிரப்பி ஒரு நாள் பாருங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து ஆணியடிக்கும் உங்கள் பிள்ளைக்கு அந்தப் படம் உதவும்.

எங்கள் வீட்டில் இறுதியில் தொட்டியை மாற்றியமைத்து, வாசலருகே திறக்கக் கூடிய மூடி வைத்தோம். குடிநீர்த் தொட்டியை எதிர்ப் பக்கத்துக்குக் கொண்டுபோனோம். மழைநீருக்குத் தனிக் குழாய் போட்டோம். திட்டமிட்டதைவிட வேலை மூன்று வாரம் நீண்டது; ஆசைப்பட்ட ஓட்டை வாங்க முடியவில்லை. வருகிற விருந்தினர் எவரும் அந்த மூடியைப் பாராட்டப் போவதில்லை. "அழகைக் கெடுக்கிறதே" என்று சிலர் சொல்லிவிட்டும் போனார்கள்.

போகட்டும். அந்த மூடி அங்கே இருக்கும்வரை, எங்கள் வீட்டுக் கழிவுக்காக ஒரு மனிதர் இருட்டில் இறங்க வேண்டியிராது. கட்டட விதிகள் எத்தனை முறை மாறினாலும், அவை காக்க வேண்டியது அந்த ஓர் உயிரைத்தான்.